வளவுக்குள் துருப்பிடிப்பவை

பொலிஸ் நிலையங்களின் பின்வளவில் மோட்டார் சைக்கிள்களும் மணல் ஏற்றிப் பிடிபட்ட உழவு இயந்திரங்களும் கிடந்து உக்குவது எங்கும் உள்ள காட்சிதான். ஆனால் யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் உப்புக்காற்று எந்த வழக்குத் தவணைக்காகவும் காத்திருக்காது. தீர்ப்பு வரும்போது செயின் இறுகி, சீட்டு கிழிந்து, கறையான் புற்றெடுத்த வண்டிதான் மிஞ்சும்.

கைப்பற்றிய பொருளைப் பொலிஸார் உடனே நீதவானுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம். உரியவரிடம் கொடுப்பதா, விற்பதா என்பது நீதவானின் கட்டளை. அந்தக் கட்டளைகள் என்னவாயின?

இதைத் தீவகத்துச் சரவணையில் இருந்துகொண்டே கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொலிஸுக்கும் பொருந்தும். தமிழில் எழுதலாம், எதற்கு என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

“என்ர சைக்கிள் எங்கே?” என்று மட்டும் கேட்டால் “வழக்கு நடக்கிறது” என்ற பதிலோடு கதை முடிந்துவிடும். பதிவேட்டைக் கேளுங்கள்: ஐந்து வருடத்தில் எத்தனை வாகனம் எடுத்தீர்கள், எத்தனை திரும்பின, ஏலம் எந்தத் திகதி, என்ன விலை? விசாரணைக்கு இடையூறு என்று இதற்கும் மறுப்பு வரலாம். எண்ணிக்கை சொன்னால் எந்த விசாரணை கெட்டுப்போகும்? மறுத்தால், பொலிஸின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் கையை விரித்தால் கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.