திரும்பிச் சுழலும் தேதி

நம்மவர் ஆண்டுக் கணக்கில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது பெயர்களும் முடிந்தபின் மீண்டும் பிரபவ ஆண்டே வரும். பழைய குறிப்பொன்றில் 'பிரபவ வருடம்' என்று மட்டும் இருப்பின், 1927இல் பிறந்ததோ 1987இல் பிறந்ததோ என ஐயுறுதல் வேண்டும். இதனை உணர்ந்தே முன்னோர் கலியாண்டையோ சகாப்தத்தையோ அருகில் எழுதிவைத்தனர். கணினி வல்லுநர் அவ்வெச்சரிக்கையைக் கைக்கொள்ளாமை வியப்பே.

நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் கடலேறும் மீனவர்க்கு இன்று ஜிபிஎஸ் கருவி துணை. அதற்கு வானிலிருந்து வரும் பழைய முறைக் குறிப்பில் வார எண்ணுக்குரிய இடம் பத்து பிட் மட்டுமே. 1980 சனவரி 6 முதல் எண்ணப்படும் வாரம் 1023ஐக் கடந்ததும் சுழியமாகும். 1999 ஒகஸ்டிலும் 2019 ஏப்பிரலிலும் அவ்வாறே ஆயிற்று. கருவியை இயக்கும் டிரைவர் நிரல் இதனை ஈடுசெய்யாவிடின், தேதி ஏறத்தாழ இருபதாண்டு பின்னே போய்விடும். 'அன்றிரவு எல்லை கடந்தாயா?' என வினவப்படும் மீனவனுக்கு அத்தகைய பதிவு என்ன சான்றாகும்?

ஈடுசெய்யும் முறையிலேதான் எமக்கு மாறுபாடு. 'இன்ன நாளுக்கு முற்பட்டதாயின் 1024 வாரம் கூட்டுக' என்றெழுதுதல் எளிது. ஆயின் அது வெடித்த சுவருக்குச் சுண்ணாம்பு பூசுதலே. ஜிபிஎஸ் கருவிகளின் குறிப்பை வாசித்துக் கணினிக்கு அளிக்கும் ஜிபிஎஸ்டி நிரலின் கதையைக் காண்க. 2021 ஒக்டோபருக்குள் உலக நேரத்தில் ஒரு மிகைநொடி கூடியிருக்கும் என்னும் ஊகத்தின்மேல் ஒரு சரிபார்ப்பு அதில் எழுதப்பட்டது. மிகைநொடி கூடவில்லை. தேதியைக் காக்க வந்த வரியே, அம்மாதம் 24ஆம் நாள் அதனை 2002 மார்ச்சுக்குத் தள்ளுவதாயிற்று! நல்வினையாக அந்நாளுக்கு முன்னரே பிழை கண்டு புதிய பதிப்பு வெளியிட்டனர்.

செவ்விய திருத்தம் எண்ணின் இடத்தை அகலமாக்குதலே. 1970 முதல் நொடிகளை எண்ணும் 32 பிட் கணக்கு, 2038 சனவரி 19இல் நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு நிரம்பும்; அடுத்த நொடியில் 1901 டிசம்பராகும். லினக்ஸ் 2020இல் வெளிவந்த 5.6 பதிப்பில் 32 பிட் இயந்திரங்களுக்கும் 64 பிட் நேரத்துக்கு வழிவகுத்தது. எனினும் நடுவே ஒரு சிறு டிரைவர் அவ்வெண்ணை மீண்டும் 32 பிட்டுக்குள் திணிக்குமாயின் பயனென்? ஒவ்வொரு டிரைவரையும் வரி வரியாகப் பார்த்தே தீரவேண்டும். ஊகம் எதனையேனும் தவிர்க்கவியலாதாயின், அதன் காலவெல்லையை நிரலருகே தெளிந்த நடையில் எழுதிவைத்தல் கடன். (கட்டுரைக்கு நடை பழகும் மாணவர் இதனையும் பழகலாம்.)

பழைய முறை வார எண் மீண்டும் சுழியமாவதும் அதே 2038இலேதான், நவம்பர் 20ஆம் நாள் நள்ளிரவில். இன்று எம் வகுப்பிலிருக்கும் பிள்ளைகள் அன்று தொழில் பார்க்கும் பருவத்தினராயிருப்பர்.