ஏகத்துவத்துக்கு விலை வைக்கலாமா? ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பார்வை

வரும் 2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் ஜவ்வாது மலையின் ஊர்களுக்கும் ஏறிச் செல்வார்கள். உங்கள் மதம் என்ன என்று கேட்பார்கள். கடந்த கணக்கெடுப்புகளில் இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம், சீக்கியம், பௌத்தம், ஜைனம் ஆகிய ஆறுக்குத்தான் தனிக் குறியீடு இருந்தது. மற்றவர்கள் தங்கள் மதத்தின் பெயரைச் சொல்லி எழுதவைக்க வேண்டும். பெயரே இல்லாத வழிபாட்டை என்ன சொல்லி எழுதவைப்பது?

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த மலையில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் ஏறி வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சாமை விதைக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள், ஊர் அம்மனுக்குத் திருவிழா எடுக்கிறார்கள். இங்கே புதிய கற்காலக் கோடரிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. உழும்போதும் ஓடையோரத்திலும் கிடைக்கும் அந்த வழவழப்பான கற்களை மரத்தடியில் வரிசையாக நட்டுப் பிள்ளையாராக வணங்கும் இடங்களைத் தொல்லியல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதன் மரம் வெட்டத் தீட்டிய கருவி, இன்று தெய்வமாக நிற்கிறது.

மலையடிவாரத்தில் வாணியம்பாடி, ஆம்பூர் என நம் சமுதாயம் அடர்ந்து வாழும் ஊர்கள் இருக்கின்றன. இணைவைப்பைப் பற்றி நம் மேடைகளில் பேச்சுக்குக் குறைவில்லை. 2016 ஜனவரி 31 அன்று திருச்சியில் ஷிர்க் ஒழிப்பு மாநாடே நடந்தது. ஆனால் அந்தப் பேச்சில் பெரும்பகுதி தர்கா, தாயத்து, கந்தூரி என்று நமக்குள்ளேயே சுற்றிவருவது. கல்லை வணங்கும் மலைவாசியைப் பற்றிப் பேச்சு வந்தால் பலருக்கு ஏளனம்தான் வருகிறது.

ஏளனம் செய்ய நமக்கு என்ன தகுதி? நபி (ஸல்) அவர்களின் காலத்தில் வாழ்ந்து, பின்னர் இஸ்லாத்தை ஏற்ற அபூ ரஜா அல் உதாரிதீ (ரஹ்) தம் பழைய நாட்களைச் சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. ஒரு கல்லை வணங்கிக்கொண்டிருப்பார்களாம். அதைவிட நல்ல கல் கிடைத்தால் பழையதை எறிந்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்வார்களாம். கல்லே கிடைக்காவிட்டால் மண்ணைக் குவித்து, அதன்மேல் ஆட்டுப்பாலைக் கறந்து, அதைச் சுற்றி வருவார்களாம். இந்த தீனை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்த தலைமுறைகளின் தொடக்கமே இப்படித்தான் இருந்தது.

ஷிர்க் என்றால் கல்லைத் தொடுவது என்று சுருக்கிப் புரிந்துகொள்வதும் தவறு. ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரலி), நீ நன்மையோ தீமையோ செய்ய முடியாத வெறும் கல் என்று அதனிடமே சொன்னார்கள். நபி (ஸல்) முத்தமிட்டதைப் பார்த்திராவிட்டால் தாமும் முத்தமிட்டிருக்க மாட்டேன் என்றார்கள். மறுபக்கம், மக்கத்துக் காஃபிர்கள் படைத்தவன் அல்லாஹ் என்பதை மறுக்கவில்லை என்று குர்ஆனே பல இடங்களில் சொல்கிறது (29:61, 31:25). அவனிடம் நெருங்க இடையில் ஆட்களை வைத்துக்கொண்டதுதான் அவர்கள் மீதான குற்றச்சாட்டு (39:3). ஆகவே ஷிர்க் என்பது உள்ளம் யாரிடம் அஞ்சுகிறது, யாரிடம் கேட்கிறது என்பதைப் பற்றியது. அதை எந்தக் கணக்கெடுப்புப் படிவமும் அளக்க முடியாது. வாதத்தாலும் சிந்தனையாலும்தான் அணுக முடியும். இப்ராஹீம் (அலை) நட்சத்திரத்தையும் சந்திரனையும் சூரியனையும் சுட்டி, மறைபவற்றைத் தாம் நேசிப்பதில்லை என்று தம் மக்களோடு வாதிட்டார்கள் (6:76-79). இதே மலையில், காவலூர் ஆய்வகத்தில், 1977இல் ஒரு நட்சத்திரம் யுரேனஸுக்குப் பின்னால் மறைந்ததை வைத்துத்தான் அந்தக் கோளின் வளையங்களை விஞ்ஞானிகள் கவனித்தார்கள் என்பது சுவையான ஒற்றுமை.

அழைப்பு இப்படித்தான் இருக்க முடியும். பிறர் வணங்குபவற்றை ஏசக் கூடாது (6:108), நிர்ப்பந்தம் கூடாது (2:256). கேட்பவருக்கு ஆசையும் காட்டக் கூடாது, அச்சமும் ஊட்டக் கூடாது.

அரசியல் சிக்கல் இந்த அச்சத்தில்தான் இருக்கிறது. மதம் மாறிய பழங்குடியினரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்ற கோரிக்கை 1960களின் பிற்பகுதியில் கார்த்திக் ஓராவோன் நாடாளுமன்றத்தில் எழுப்பியது. 2006இல் தொடங்கப்பட்ட ஜனஜாதி சுரக்ஷா மஞ்ச் அதை இப்போது மாநிலம் மாநிலமாகப் பேரணி நடத்தி வலியுறுத்திவருகிறது.

இன்றைய சட்டம் என்ன? பட்டியல் சாதியினருக்கான 1950ஆம் ஆண்டு ஆணையில் மத நிபந்தனை உண்டு. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் இன்றுவரை திறக்கவில்லை. கலிமா சொன்ன தலித் சகோதரர் அந்த நிமிடமே தம் உரிமையை இழக்கிறார். 1981இல் மீனாட்சிபுரத்தில் இஸ்லாத்தை ஏற்ற குடும்பங்கள் அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தன. பழங்குடியினருக்கான ஆணையில் இப்படி ஒரு நிபந்தனை இல்லை. லட்சத்தீவின் முஸ்லிம்கள் பழங்குடிப் பட்டியலில் இருப்பது அதனால்தான். பழங்குடி யார் என்பதற்கு 1965இல் லோகூர் குழு தந்த அளவுகோல்களில் தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழ்விடம், பின்தங்கிய நிலை போன்றவை உண்டு, மதம் இல்லை.

எதிர்த்தரப்பு வாதத்தில் ஒன்றை நேர்மையாகப் பார்க்க வேண்டும். பழங்குடியின் வழிபாடு அவர்களின் பண்பாட்டோடு பின்னிக்கிடக்கிறது; அதை விட்டவர் எப்படிப் பழங்குடியாகத் தொடர்வார் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 2004இல் கேரள அரசு எதிர் சந்திரமோகனன் வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் மாறியதாலேயே பழங்குடித் தகுதி போய்விடாது என்றது. அந்த ஆள் தம் சமூகத்தின் வழக்கங்களோடு இன்னும் இணைந்திருக்கிறாரா, அதே பின்தங்கிய நிலையில் இருக்கிறாரா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றது. ஒட்டுமொத்தமாக நீக்கு என்பதற்கும் இதற்கும் வெகு தூரம்.

இன்னொன்றும் உண்டு. பண்பாட்டைக் காக்கத்தான் இந்தக் கோரிக்கை என்றால், தங்கள் மதம் இந்து அல்ல, சர்னா என்று சொல்லும் ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்குத் தனிக் குறியீடு கொடுத்திருக்க வேண்டுமே? 2011இல் சுமார் 49 லட்சம் பேர் சர்னா என்றே பதிவு செய்தார்கள். 2020 நவம்பரில் ஜார்க்கண்ட் சட்டமன்றம் தீர்மானமே நிறைவேற்றியது. தில்லி அசையவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம்கூட, மத்திய அரசு அறிவிக்காதவரை பழங்குடியினருக்குப் பொருந்தாது. திருமணத்துக்கும் சொத்துக்கும் இந்து அல்ல, தொகைக் கணக்குக்கு மட்டும் இந்து!

நம் பக்கமும் சரிசெய்ய வேண்டியது இருக்கிறது. மலைக்கு அரிசி மூட்டையோ மருத்துவ முகாமோ கொண்டுபோகிறவர்கள் அதை அல்லாஹ்வுக்காக, நிபந்தனையின்றிக் கொடுக்கட்டும். அதே கையில் அழைப்புப் பிரசுரம் இருக்கக் கூடாது. பசித்தவர் அரிசிக்காகச் சொல்லும் கலிமாவில் தவ்ஹீத் எங்கே இருக்கிறது? மாற்றத்தை வாங்குவது தவறு என்றால், மாற்றத்துக்கு அபராதம் விதிப்பதும் அதே தவறுதான்.

தமிழ்நாட்டில் பழங்குடிச் சாதிச் சான்றிதழை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர். படிப்பு, வேலை, வன உரிமை எல்லாவற்றிலும் முதலில் கேட்கப்படும் தாள் அது. பட்டியல் நீக்கம் சட்டமானால், ஜமுனாமரத்தூரிலிருந்து கல்லூரிக்குப் போக விண்ணப்பிக்கும் மாணவியின் வீட்டுக்கு விசாரணைக்கு வருபவர், மரத்தடிக் கல்லுக்கு இந்த வீட்டார் இன்னும் பொங்கல் வைக்கிறார்களா என்று பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டியிருக்கும்.