சிஸ்டருக்கு ஒரு வண்டி



நைட் டூட்டி முடித்து ஸ்கூட்டியில் வீடு திரும்பும் ஒரு சிஸ்டர் ஹெல்மெட் இல்லாமல் வருகிறார். சந்திப்பில் நிற்கும் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்துகிறார். சலான் போட வேண்டுமா, "போங்க சிஸ்டர்" என்று விட்டுவிட வேண்டுமா? நம் ஊர் அபர்தீன் பஜாரில் எந்த டீக்கடையில் கேட்டாலும் பெரும்பாலோர் "விட்டுடலாம்ங்க, பாவம்" என்றுதான் சொல்வார்கள். முதலில் என் மனதில் வருவதும் அதே பதில்தான். யோசிக்க யோசிக்க அந்தப் பதில் போதவில்லை என்று தோன்றியதால்தான் இந்த மாதம் இதையே எழுதுகிறேன்.

அந்த இரக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை நம் தீவுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் போர்ட் பிளேயரில் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குள் ஒரு முறையாவது கால் வைக்காத குடும்பம் கிடையாது. செல்லுலார் சிறை வளாகத்தில் 1963இல் வந்த மருத்துவமனை அது. கேம்ப்பெல் பேயிலோ ஹட் பேயிலோ ஒருவருக்கு நெஞ்சுவலி முற்றினால் கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ வந்து சேர வேண்டிய இடமும் அதுதான். 1996இல் கால் முறிந்து கிடந்த ஜாரவா சிறுவன் என்மேயைக் கொண்டுவந்து, மாதக்கணக்கில் வைத்திருந்து, நடக்க வைத்துக் காட்டுக்கு அனுப்பியது இதே மருத்துவமனை. அதுவரை வெளியாட்களிடம் பெரும்பாலும் அம்போடு பேசிய ஒரு இனத்தின் பிள்ளை, மொழி தெரியாதவர்கள் நடுவில் அத்தனை நாள் படுத்திருந்தான். ராத்திரியில் அவன் அருகே நின்றவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்?

லிட்டில் அந்தமானில் டுகாங் கிரீக்கில் ஓங்கே பழங்குடி மக்களோடு தங்கி வேலை பார்த்த நர்ஸ் சாந்தி தெரசா லக்ராவை நினைத்துக்கொள்ளுங்கள். சுனாமி எல்லாவற்றையும் அடித்துப்போன பிறகும் அந்த மக்களை விட்டு வராதவர். 2011இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இப்படிப்பட்டவர்களின் வரிசையில் வரும் ஒரு பெண்ணை நடுரோட்டில் நிறுத்தி ஆயிரம் ரூபாய் கேட்க யாருக்கு மனசு வரும்?

போலீஸ்காரருக்கும் வராது. அதற்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. விபத்தில் அடிபட்டவரை ராத்திரி ஒரு மணிக்குக் காஷுவாலிட்டிக்குத் தூக்கி வருவது போலீஸ்காரர். ஸ்ட்ரெச்சரைப் பிடிப்பது, ரத்தத்தைத் துடைப்பது, போலீஸ் கேஸ் என்று பதிவதற்கு உதவுவது சிஸ்டர். இருவரும் சீருடைக்காரர்கள், இருவரும் தூங்காதவர்கள். சின்ன ஊர் இது. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியும். "நம்ம சிஸ்டர்" என்று அவர் வழிவிடுவதை லஞ்சத்தோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். அது நன்றி.

ஆனால் அந்த நன்றி ஹெல்மெட்டின் விஷயத்தில் வந்து நிற்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் ஹெல்மெட் போடாததால் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். நம் ஊர்ச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். ஏற்றம், உடனே இறக்கம், அடுத்து வளைவு. மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் என்பதால் குளிர்காலத்தில் ஐந்தரைக்கெல்லாம் நமக்கு இருட்டிவிடுகிறது. எட்டு மணி டூட்டிக்குக் கிளம்பும் சிஸ்டர் நல்ல இருட்டில், ஈரச் சாலையில்தான் வண்டி ஓட்டுகிறார். அவரை ஹெல்மெட் இல்லாமல் போகவிடும் போலீஸ்காரர் அவருக்குச் செய்வது உதவியா? தலையில் அடிபட்டவர்களை வார்டில் பார்த்துப் பழகிய எந்த சிஸ்டரும் அதை உதவி என்று சொல்ல மாட்டார்.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. அதைச் சலான் புத்தகத்தில் எழுத இடமே இல்லை: தூக்கம்.

பல அரசு மருத்துவமனைகளில் நைட் டூட்டி என்றால் ராத்திரி எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை. முதல் நாள் நைட்டுக்குப் போகும் பெண் அன்று பகலில் தூங்கியிருப்பாரா? காலை ஏழு மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, துணி துவைத்து, சாயங்காலம் வரை வீட்டு வேலை பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பார். மறுநாள் காலை அடுத்தவரிடம் வார்டை ஒப்படைத்து வண்டியை எடுக்கும்போது அவர் கண் விழித்து இருபத்தைந்து மணி நேரம் ஆகியிருக்கும்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாஸன், ரீட் இருவரும் 1997இல் 'நேச்சர்' இதழில் எழுதிய ஒரு ஆய்வு உண்டு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் மூளையும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்குத் தடுமாறுகின்றன. 24 மணி நேரம் ஆனால் 100 மில்லிகிராம் அளவுக்கு. நம் சட்டத்தில் குடிபோதை என்று வழக்குப் போட 30 மில்லிகிராம் தாண்டினால் போதும். அமெரிக்காவில் 2,737 பயிற்சி மருத்துவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. 24 மணி நேரமோ அதற்கு மேலோ நீண்ட டூட்டி முடித்துக் காரோட்டிப் போனவர்களுக்கு விபத்து நேரும் வாய்ப்பு இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. ஒரு சொட்டு மது தொடாத அந்தப் பெண், ஊரின் நோயாளிகளுக்காக விழித்திருந்த காரணத்தால் மட்டுமே, குடித்தவரைவிட மோசமான நிலையில் ஸ்கூட்டி ஓட்டுகிறார். இதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் அவர்மீதும் இல்லை, அவரை நிறுத்திய போலீஸ்காரர்மீதும் இல்லை.

இந்தப் பேச்சில் நாம் மறந்துவிடும் சிலரையும் சொல்ல வேண்டும். அதே வார்டில் அதே ராத்திரி கழிப்பறை கழுவிய அக்கா, நோயாளியின் படுக்கை மாற்றிய ஆயாம்மா, ஆக்ஸிஜன் சிலிண்டர் உருட்டிய தம்பி. டூட்டி முடிந்து அதே சாலையில்தான் அவர்களும் போகிறார்கள். அவர்களை யாரும் "சிஸ்டர்" என்று கூப்பிடுவதில்லை. அவர்கள் நிறுத்தப்பட்டால் சலான் உறுதி. சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் போவது அவர்களுக்குத்தான் அதிகம் வலிக்கும். வெள்ளைச் சீருடையைப் பார்த்து ஒருவருக்குக் காட்டும் தயவு, அது இல்லாதவருக்குக் கிடைக்காது என்றால், அந்தத் தயவின்மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துவிடுகிறது.

ஆளைப் பார்த்து விடுகிற வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு 2024 மே மாதத்தில் பார்த்தது. நாங்குநேரியில் அரசுப் பேருந்தில் ஏறிய ஒரு காவலர் டிக்கெட் எடுக்க மறுத்தார். கண்டக்டர் விடவில்லை. வீடியோ ஊரெல்லாம் பரவியது. பயண வாரண்ட் இல்லாமல் போலீசார் இலவசமாகப் போக முடியாது என்று போக்குவரத்துத் துறை அறிவித்தது. அவ்வளவுதான், நோ பார்க்கிங், சீட் பெல்ட் இல்லை என்று அரசுப் பேருந்துகளுக்கு மாநிலம் முழுக்கப் போலீசார் அபராதம் போட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் இரண்டு துறைச் செயலர்களும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியதாயிற்று. அந்தக் காவலரும் கண்டக்டரும் கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆனார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அந்த அபராதங்களில் நியாயமானவை எத்தனை வருஷமாகப் போடப்படாமல் இருந்திருக்கும்? சீட் பெல்ட் போடாத டிரைவரை அதுவரை விட்டுவைத்தது எந்தக் கணக்கில்? பயணிகளின் உயிர் இடையில் இருக்கிறது என்பது யார் நினைவிலும் இல்லை.

அதே மே மாதம் சென்னைப் போக்குவரத்துப் போலீசார், தனியார் வண்டிகளில் துறைப்பெயர் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது என்று நடவடிக்கையில் இறங்கினார்கள். முதல் முறை 500 ரூபாய், மறுபடியும் பிடிபட்டால் 1,500. டாக்டர்கள் தரப்பில் விலக்குக் கேட்டு உயர் நீதிமன்றம்வரை போனார்கள். நர்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியை நான் பார்த்த நினைவில்லை. அவர்கள் தங்கள் வேலையை வண்டிமேல் எழுதி வைத்துக்கொண்டு அலைந்தவர்களே இல்லை.

விதியை விதியாகவே பார்ப்பதில் நர்ஸுகள் நமக்கெல்லாம் மேலானவர்கள் என்பது என் எண்ணம். 2017 ஜூலையில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில், மயங்கிக் கிடந்த ஒரு நோயாளியின் ரத்தத்தை எடுக்க அனுமதிக்கும்படி துப்பறியும் அதிகாரி ஒருவர் கேட்டார். வாரண்ட் இல்லை, கைது இல்லை, நோயாளியின் சம்மதமும் இல்லை, அதனால் முடியாது என்று அலெக்ஸ் வப்பெல்ஸ் என்ற நர்ஸ் மறுத்தார். கையில் விலங்கு மாட்டி வெளியே இழுத்துப் போனார்கள். அவர் அசையவில்லை. பிறகு ஐந்து லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்து அந்தப் பிரச்சினை முடிந்தது. சீருடைக்குப் பயந்து நோயாளியை விட்டுக்கொடுக்காத அந்தத் தொழிலின் பெண்கள், தங்களுக்காகச் சட்டத்தை வளைக்கச் சொல்லிக் கேட்பவர்களாக இருக்க முடியாது.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 210பி என்ற பிரிவு, சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவரே தவறு செய்தால் அபராதம் இரண்டு மடங்கு என்கிறது. பொறுப்பில் இருப்பவருக்குத் தள்ளுபடி கிடையாது, கூடுதல்தான். எனக்குப் பிடித்த பிரிவு அது.

அப்படியானால் போலீஸ்காரர் இளகவே கூடாதா? இளகலாம், நேரத்தில். டூட்டிக்குப் போகும் நர்ஸை அரைமணி நேரம் ஓரங்கட்டி நிறுத்தினால் தண்டனை அவருக்கு மட்டும் போகாது. முந்தைய ஷிஃப்டில் களைத்துப்போய் அவருக்காகக் காத்திருக்கும் இன்னொரு நர்ஸுக்கும், மருந்து நேரம் தவறும் நோயாளிக்கும் போகிறது. வண்டிச் சான்றிதழ்கள் கையில் இல்லையென்றால் பிறகு கொண்டுவந்து காட்டலாம் என்று சட்டத்தின் 130ஆம் பிரிவே இடம் தருகிறது. டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். அடையாள அட்டையைப் பார்த்து, வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு நிமிஷத்தில் அனுப்பிவிடலாம். சலான் பிறகு வரட்டும். இந்தச் சலுகை ஆயாம்மாவுக்கும், ஆம்புலன்ஸ் டிரைவருக்கும், பவர் ஹவுஸ் ஊழியருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஹெல்மெட், வேகம், ஓட்டும்போது போன், குடி ஆகிய நான்கிலும் யாருக்கும் தள்ளுபடி வேண்டாம். டூட்டி முடிந்து வருபவரின் கண் செருகியிருப்பது தெரிந்தால், சலானுக்கு முன்னால் அவரை ஓரமாக உட்கார வைத்து வீட்டுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். அந்த அதிகாரம் எந்த விதிப்புத்தகத்திலும் தேட வேண்டியதில்லை.

2020 ஊரடங்கின்போது போபாலில் எய்ம்ஸ் மருத்துவமனை டூட்டி முடித்து வந்த இரண்டு இளம் டாக்டர்களைப் போலீசார் அடித்ததாகப் புகார் எழுந்தது நினைவிருக்கலாம். நிறுத்துவது தவறில்லை. நிறுத்திய பிறகு எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் மரியாதையெல்லாம் இருக்கிறது.

ஆனாலும் பிரச்சினையின் வேர் சந்திப்பில் இல்லை, மருத்துவமனை வாசலில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை மருத்துவப் பணியாளர்களுக்குப் போக்குவரத்து ஏற்பாடு செய்து கொடுப்பது, அந்தக் குழு பரிசீலிக்க வேண்டியவற்றில் ஒன்றாக உத்தரவிலேயே இருந்தது. காலை எட்டு மணியையும் அதில் சேர்க்க வேண்டும் என்பேன், ஏனென்றால் தூக்கம் கொல்வது வெளிச்சத்திலும்தான். நம் ஊர் பெரிய ஊர் இல்லை. கராச்சர்மா, ஜங்கிலிகாட், ஹட்டோ, டாலிகஞ்ச் என்று ஒரு சுற்று. பம்பூஃப்ளாட் பக்கம் போகிறவர்களுக்குச் சாத்தம் படகுத்துறைவரை ஒன்று. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இரண்டு பஸ் ஓடினால் நிலைமை மாறிவிடும். ஆயாம்மாவும் அதே பஸ்ஸில் ஏறிக்கொள்வார்.

நர்ஸாக, ஆயாவாக, வார்டு பையனாக, லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கும் வாசகர்கள் எங்களுக்கு எழுதுங்கள். எந்த ஷிஃப்ட், எப்படி வீடு போகிறீர்கள், எந்தச் சாலையில் பயமாக இருக்கிறது, பஸ் இருந்தால் எங்கே நிற்க வேண்டும், இவை மட்டும் போதும். பெயர் போட வேண்டாம். வருகிற கடிதங்களைத் தொகுத்து மருத்துவமனை நிர்வாகத்திடமும் தீவு நிர்வாகத்தின் போக்குவரத்துத் துறையிடமும் நானே நேரில் கொடுக்கிறேன். அவர்கள் சொல்லும் பதிலை இந்தப் பக்கத்திலேயே அச்சிடுவோம். அதுவரை, வீட்டில் நைட் டூட்டிக்குப் போகிறவர் இருந்தால், காலையில் அவரை அழைத்துவர வேறொருவர் போங்கள். போகும்போது இரண்டு ஹெல்மெட் எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்