தானமாய் வந்த சைக்கிளின் அச்சையும் அளந்து பார்ப்போம்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். கொடுத்தவரின் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொல்லப்பட்ட வார்த்தை அது. ஆனால் அந்த மாட்டைக் கொண்டு உழ வேண்டியவன் விவசாயி. மாடு படுத்துவிட்டால் நட்டம் கொடுத்தவருக்கு அல்ல, வாங்கியவருக்கே. இடம்பெயர்ந்து திரும்பிய எமது குடும்பங்களுக்கு உதவியாகக் கிடைத்த சைக்கிள்களைப் பற்றியும் இதே நியாயத்தைப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.

உன்னிச்சையில் இருப்பவர்களுக்குச் சைக்கிளின் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மட்டக்களப்பு நகரம் இருபது கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. ஆயித்தியமலையையும் வவுணதீவையும் கடந்து வலையிறவுப் பாலத்தில் ஏறினால்தான் அக்கரை. வீடு ஓரிடம், வயல் ஓரிடம், மாட்டுப்பட்டி வேறோரிடம். நெல் மூடை, பசளைப் பை, பால் கான், விறகுக் கட்டு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எல்லாம் ஏறுவது அந்த ஒரே கரியரில்தான். 2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் வாவியைக் கடந்து ஓடியபோது, சைக்கிளில் கட்டி எடுத்தது மட்டுமே பல குடும்பங்களுக்கு மிஞ்சியது. அவ்வாண்டு மே மாதத்திலிருந்து மீள்குடியேற்றம் தொடங்கியபோதும் முதல் தேவைகளில் ஒன்றாகச் சைக்கிளே இருந்தது.

உதவி வந்தது. அதற்காக நாம் நன்றியுடையவர்களாக இருக்கிறோம். ஆனால் வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு வகைச் சைக்கிள்களை வழங்கின. வெளியில் பார்த்தால் எல்லாம் இரண்டு சில்லு, ஒரு சங்கிலி. வேறுபாடு தெரிவது முன் சில்லின் அச்சு தேய்ந்து, புதியது வாங்கப் போகும் நாளில்தான்.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது நல்லது. எமது அப்பாமார் ஓட்டிய றலி, ஹம்பர் போன்ற சைக்கிள்கள் பிரித்தானிய அளவில் செய்யப்பட்டவை. ஓர் அங்குலத்துக்கு 26 மரை என்ற ஒழுங்கை அந்நாட்டுச் சைக்கிள் பொறியியலாளர்கள் 1902 இல் வகுத்தார்கள். முன் அச்சின் பருமன் பெரும்பாலும் 5/16 அங்குலம். சென்னையில் 1949 இல் தொடங்கப்பட்ட ரி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற இந்தியக் கம்பனிகளும் பிரித்தானிய மாதிரியையே பின்பற்றின. பிற்காலத்தில் வந்த கியர் சைக்கிள்களும் அவற்றின் சாயலில் செய்யப்பட்டவையும் மில்லிமீற்றர் அளவைக் கொண்டவை. அவற்றில் முன் அச்சு பெரும்பாலும் 9 மில்லிமீற்றர், சிலவற்றில் 8 மில்லிமீற்றர். போர்க்கின் இரண்டு கால்களுக்கும் இடையிலுள்ள அகலமும் ஒன்றல்ல. பழையவற்றில் ஏறக்குறைய 91 மில்லிமீற்றர், புதியவற்றில் 100 மில்லிமீற்றர்.

இந்தச் சிறிய வித்தியாசங்கள் என்ன செய்யும்? 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீற்றர். அது 8 மில்லிமீற்றருக்கு மிக அருகில் இருப்பதால் பழைய அளவு நட்டைப் புதிய அளவு அச்சில் பிடித்தால் அது ஏறும். இரண்டு மூன்று சுற்று இலேசாகப் போகும். ஆனால் மில்லிமீற்றருக்கு ஒரு மரை என்றால் அங்குலத்துக்கு வருவது 25.4 மரை, 26 அல்ல. ஆகவே நான்காம் ஐந்தாம் சுற்றில் மரை ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். நட் இறுகிவிட்டது என்று கை சொல்லும். உண்மையில் நட் போர்க்கை இறுக்கவில்லை, அச்சின் மரையைத்தான் தின்றுகொண்டிருக்கிறது. அப்படிப் பூட்டிய சில்லோடு மூடை ஏற்றிக் குளக்கட்டால் போவது ஆபத்து. பின் சில்லு பழுதானால் சைக்கிள் நிற்கும். முன் சில்லு கழன்றால் ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார். யானை நடமாடும் எமது பாதைகளில் அந்தி நேரத்தில் சைக்கிள் உடைந்து நிற்பதன் பொருளை நாம் விளக்கத் தேவையில்லை.

வேறொரு வழக்கமும் உண்டு. 9 மில்லிமீற்றர் அச்சு பழைய போர்க்கின் வாய்க்குள் போகாது. உடனே அரத்தை எடுத்து வாயை அராவுகிறோம். இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் கையால் அராவ முடியாது. சில்லு சரிந்து நிற்கும், பிரேக் கட்டை ஒரு பக்கம் உரசும், இரும்பும் மெலிந்துபோகும். அகலமான ஹப்பை ஒடுங்கிய போர்க்குக்குள் நெரித்துப் போடுவதும் இத்தகையதே. போர்க்கின் நுனிகள் நேருக்கு நேர் நில்லாமல் கோணும். அந்தக் கோணல் அச்சை வளைக்கும், கோனையும் குண்டுகளையும் அரைத்துவிடும். பழைய ஆடையில் கோடித் துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்ற உவமையை நற்செய்தியில் கேட்டிருக்கிறோம். அது இரும்புக்கும் பொருந்தும்.

“இனாமாக வந்ததற்கு இவ்வளவு ஆராய்ச்சியா?” என்று சிலர் கேட்கலாம். பணம் கொடுத்து வாங்கிய சைக்கிளிலும் குறை வருவதுண்டு. 2015 இல் அமெரிக்காவின் ட்ரெக் நிறுவனம் முன் சில்லைப் பூட்டும் நெம்பில் இருந்த ஆபத்துக்காக, அந்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 9 இலட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. எமது கிராமங்களில் கொடுக்கப்பட்ட சைக்கிளைத் திரும்ப அழைத்துத் திருத்தித் தருவோர் இல்லை. ஆகவே கவனம் முதலிலேயே வேண்டும்.

கொடுப்பவர்களாலும் இதைக் கற்றுக்கொள்ள முடியும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் 2005 இல் அமெரிக்காவில் உருவான வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பு, வேர்ல்ட் விஷனுடன் சேர்ந்து இலங்கையில் 24,000 க்கும் மேற்பட்ட சைக்கிள்களை வழங்கியது. பின்னர் ஆபிரிக்காவில் சாம்பியாவுக்குச் சென்றபோது, சந்தையிலிருந்த சைக்கிள்கள் கிராமத்துப் பாரத்தைத் தாங்காததைக் கண்டது. அதனால் ‘பஃபலோ’ என்ற பாரமான சைக்கிளைத் தானே வடிவமைத்து, கிராமத்தவர்களுக்குத் திருத்தும் பயிற்சியளித்து, உதிரிப்பாகம் கிடைக்கவும் வழிசெய்தது. சைக்கிள், திருத்துபவர், உதிரிப்பாகம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் உதவி முழுமையாகும்.

ஆகவே உதவி வழங்கும் நிறுவனங்களிடமும் எமது திருச்சபை அமைப்புகளிடமும் நாம் கேட்பது இதுதான். சைக்கிள் வாங்குமுன் அந்த ஊரில் சைக்கிள் திருத்துபவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஒரு கிராமத்துக்கு ஒரே வகைச் சைக்கிளைக் கொடுங்கள். பத்துச் சைக்கிள் கொடுத்தால் அதற்குப் பொருந்தும் அச்சு, கோன், நட் சில தொகுதிகளையும் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் ஒப்படையுங்கள். பயனாளிகள் பட்டியலில் பெயர் எண்ணுவது மட்டும் கணக்கல்ல. மூன்று வருடத்துக்குப் பின் எத்தனை சைக்கிள் ஓடுகிறது என்பதே கணக்கு.

குடும்பங்களும் சிலவற்றைச் செய்யலாம். உதிரிப்பாகம் வாங்கப் போகும்போது பழைய அச்சைக் கோன், நட்டுடன் கழற்றிக் கையில் கொண்டு செல்லுங்கள். மூன்றையும் ஒரே தொகுதியாக, உங்கள் ஹப்புக்குப் பொருந்துவதாக வாங்குங்கள். நட்டை விரலால் மட்டும் சுற்றிப் பாருங்கள். மரை முடியும்வரை விரலுக்கு இலேசாகப் போனால் பொருத்தமானது. போர்க்கைத் தொடுமுன்பே ஸ்பனர் தேவைப்பட்டால் அது வேறு அளவு, கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஒடுங்கிய ஹப் அகன்ற போர்க்கில் ஆடினால், அச்சு போதிய நீளமாக இருக்கும்பட்சத்தில் இருபுறமும் சம அளவு வோசர் போடலாம். ஒரு பக்கம் மட்டும் போடக்கூடாது. பூட்டியபின் முன்பக்கத்தைத் தூக்கி, ரயரின் மேல் உள்ளங்கையால் ஓங்கித் தட்டுங்கள். சில்லு அசையக்கூடாது. சுழற்றினால் இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சங்கங்கள் ஒரு வேணியர் இடுக்கிமானியை வாங்கி வைத்திருக்கலாம். அதைப் பிடித்து வாசிக்கப் பாடசாலையில் படித்த பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். கிராமத்துச் சைக்கிள்களின் அச்சுப் பருமனையும் போர்க்கின் அகலத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவைத்தால், எந்த வகை உதிரிப்பாகம் எத்தனை தேவை என்பது கடைக்காரருக்கும் தெரியும், கொடுக்க வருபவருக்கும் தெரியும்.

எல்லோரும் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள், இனிச் சைக்கிள் எதற்கு என்றவர்களும் 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றபின் பழைய சைக்கிளைத் தேடினார்கள். அந்த வரிசை மறந்துபோகலாம். ஆனால் வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் பாதை அப்படியேதான் இருக்கிறது. பெரும்போக வேலை தொடங்குமுன் ஒவ்வொரு சங்கமும் ஒரு நாளை ஒதுக்கி, ஊரிலுள்ள முன் சில்லுகள் அனைத்தையும் கழற்றிப் பார்த்துவிடட்டும். அதற்குக் காசு தேவையில்லை, ஒரு பொழுது போதும்.