மருந்து என்று சொல்லாதீர்கள்

குரங்கணியில் மழை விட்டு நாலு நாள் ஆகிறது. கொல்லைப்பக்கம் போனால் கால் வைக்க இடமில்லை, அவ்வளவு பச்சை. தரையில் பருப்புக்கீரை, மூக்கிரட்டை, குப்பைக்கீரை. வேலியில் முடக்கத்தான். இதில் ஒன்றைக்கூட நான் விதைக்கவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை. அதே நாலு நாளில் எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு, முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு ஆள் வந்துவிட்டார். கேட்டால், "களைக்கு மருந்து அடிக்கிறோம் சார்" என்கிறார்கள்.

என் சண்டை முதலில் இந்த 'மருந்து' என்ற சொல்லோடுதான். டப்பாவின் மேல் களைக்கொல்லி என்று அச்சடித்திருக்கிறது. கொல்லி என்று சொல்ல நமக்கே கூசுகிறது. அதனால் மருந்து என்று மாற்றிக்கொண்டோம். காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, கீரையைக் கொல்வதும் மருந்தா?

நான் புதுச்சேரிக்காரன் என்பது இங்கே படிக்கிறவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சு வழியில் படித்தவன். களைக்கு அந்த மொழியில் 'மொவேஸ் எர்ப்', அதாவது கெட்ட புல், என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். உதாரணத்துக்குப் பள்ளிக்கூட முற்றத்தில் இருந்த ஒரு செடியைக் காட்டினார். பருப்புக்கீரை! அன்று காலையில்தான் எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மா அதைப் பறித்து வைத்திருந்தாள். கடற்கரை மணல், உப்புக்காற்று, எது போட்டாலும் சுணங்கும் மண். அதில் முருங்கையும் அகத்தியும் கொடிப்பசலையும் நாங்கள் வைத்தவை, பருப்புக்கீரை தானாக வந்தது. பிரெஞ்சுக்காரர்களே அதற்குப் 'பூர்பியே' என்று பேர் வைத்து, பச்சையாகவும் சூப்பிலும் சாப்பிடுகிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆக, கெட்ட புல் என்று ஒரு ஜாதி கிடையாது. பறிக்கத் தெரியாதவன் வைத்த பேர் அது.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷம் முன்பு, ஒரு ஐப்பசி மாதம். என் வீட்டுக்காரி வேலியோரம் ஒரு மடி பருப்புக்கீரை பறித்து வந்தாள். பாசிப்பருப்போடு வேகவைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் தாளித்து மசியல். இலை போட்டு உட்கார்ந்தாயிற்று. அப்போது பக்கத்து வீட்டுத் தம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, நேத்து சாயங்காலம் ஓரத்துல மருந்து அடிச்சிருக்கேன், கீரை எதுவும் பறிச்சிராதீங்க" என்றார். நல்ல மனுஷன்தான். சொல்ல வேண்டும் என்று தோன்றியதே, அதற்கே நன்றி. சட்டியோடு குழியில் கொட்டினோம். கர்ப்பமாக இருந்த எங்கள் பேத்தியும் அன்று அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

இதில் பயப்பட வேண்டிய இடம் எது தெரியுமா? அவர் அடித்தது கிளைபோசேட். அது இலை வழியாக உள்ளே போய் வேர் வரை இறங்கிக் கொல்லும். மறுநாளே செடி கருகாது. மஞ்சளாவதற்குச் சில நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அதுவரை கீரை தளதளவென்றுதான் நிற்கும். உள்ளே போனதைக் கழுவியும் எடுக்க முடியாது. "பார்வைக்கு நன்றாயிருந்தால் பறி" என்று நம் அம்மாக்கள் வைத்திருந்த ஒரே சோதனையை இது பொய்யாக்கிவிட்டது. தோட்டத்து வேலை முடிந்து இறங்கி வரும் பெண்கள் வழியில் வேலியோரம் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டு போவதை நீங்கள் பார்த்ததில்லையா? அவர்கள் வீட்டு ராத்திரிக் குழம்பு அதுதான். எந்த வேலியில் நேற்று அடித்தார்கள் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் கிளைபோசேட்டை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற வரிசையில் வைத்தது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு நடக்கட்டும், நான் அதில் சாட்சி இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். பிரான்சில் ரசாயனக் களைக்கொல்லியை வீட்டுத் தோட்டக்காரர் வாங்கவோ வைத்திருக்கவோ அடிக்கவோ கூடாது என்று 2019 ஜனவரி 1 முதல் சட்டம் இருக்கிறது. விவசாயிக்கு ஒரு நியாயம், நாலு சென்ட் கொல்லைக்கு ஒரு நியாயம். ஏக்கர் கணக்கில் ஏலமும் காப்பியும் வைத்து, ஆள் கிடைக்காமல் தவிப்பவரிடம் நான் வாதம் செய்யவில்லை. கொல்லைக்கு என்ன அவசரம் என்றுதான் கேட்கிறேன்.

"பாம்பு வரும் சார்" என்பார்கள். வாஸ்தவம், மலையடிவாரம். ஆனால் அடித்த செடி காய்ந்து குச்சியாக அங்கேயேதான் நிற்கும். கடைசியில் அரிவாள் எடுக்கத்தான் வேண்டும். அதை முதலிலேயே எடுத்தால் என்ன? மழை விட்ட மறுநாள் ஈரமண்ணில் பிடுங்கினால் வேரோடு வரும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். அதற்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன். "முட்டி வலிக்கிறது" என்பார்கள். எனக்கும்தான் வலிக்கிறது. முக்காலி போட்டு உட்கார்ந்து பறிக்கிறேன்.

கீரை என்றதும் எல்லாம் அமிர்தம் என்றும் சொல்ல வரவில்லை. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பருப்புக்கீரையை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். சாக்கடை ஓரம், ரோட்டோரம் பறிக்காதீர்கள்.

முப்பத்தைந்து வருஷம் கோப்பு கட்டியவன். முன்னறிவிப்பு இல்லாமல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பது எனக்கு ஊறிப்போன விதி. அடித்தே தீருவேன் என்பவரிடம் கேட்பது இவ்வளவுதான்: முதல் நாளே அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். அடித்த இடத்தில் ஒரு சிவப்புத் துணியை வேலியில் கட்டுங்கள். செடி காய்ந்து சருகாகும் வரை அவிழ்க்காதீர்கள். பழைய துணி இல்லையென்றால் என் வீட்டில் வாங்கிக்கொள்ளலாம், கிழித்து வைத்திருக்கிறேன்.