ஒரு செய்தி, ஐந்து சொல்

போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் சங்கக் காரியாலயத்துக்கு வந்தால் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இங்கிலீஷ் சொல்லை எப்படிச் சேர்ப்பது?" டவுனுக்கு டியூஷன் போனால் பஸ் காசோடு சேர்த்து அம்மாவின் ஒரு நாள் பேர் போய்விடும். ஆயிரம் சொல் உள்ள கைட் புத்தகத்தை வாங்கியவர்கள் 'ஏ' எழுத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

பரீட்சையைத் தமிழில் எழுதலாம் என்பது உண்மை. 1987 இல் தமிழும் அரச கரும மொழியானது. ஆங்கிலம் இணைப்பு மொழியானது. ஆனால் உயர்தரத்தில் பொது ஆங்கிலம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் பல பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. நேர்முகப் பரீட்சையிலும் ஒரு கேள்வியாவது ஆங்கிலத்தில் வரும். சொல் இல்லாத பிள்ளை அங்கே தலை குனிகிறது. அந்தப் பிள்ளைக்கு நாம் காட்டும் வழி பத்திரிகை.

எப்படி என்று ஒரு செய்தியை வைத்தே பார்ப்போம். திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் சம்பூர் இருக்கிறது. 2006 இல் யுத்தத்தால் அந்த மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். 2007 இல் ஒரு வர்த்தமானி அவர்கள் நிலத்தை உயர் பாதுகாப்பு வலயம் ஆக்கியது. பிறகு அது அனல்மின் நிலையத்துக்கும் கைத்தொழில் வலயத்துக்கும் ஒதுக்கப்பட்டது. மக்கள் கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களில் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 2015 இல் 818 ஏக்கருக்கான வர்த்தமானி இரத்தானது. 2016 இல் கடற்படை இருந்த காணியும் விடப்பட்டது; அனல்மின் திட்டமும் அந்த ஆண்டே கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்குத் தொடக்க விழா நடந்தது.

இந்த ஒரு செய்தியை ஆங்கிலத்தில் தொடர்ந்து படித்தவருக்கு ஐந்து சொல் தானாக வந்திருக்கும். டிஸ்பிளேஸ்ட் என்றால் இடம்பெயர்ந்த. அக்வயர் என்றால் சுவீகரி. லீஸ் என்றால் குத்தகை. ரிவோக் என்றால் இரத்துச் செய். ரீசெட்டில் என்றால் மீளக் குடியமர்த்து.

இவை பரீட்சைக்கு மட்டும் உரிய சொற்களா? 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபின் லீஸ் என்ற சொல்தான் நம் தலைக்கு மேல் தொங்குகிறது. லயத்துக்கு வெளியே சொந்தமாக ஒரு துண்டுக் காணி கேட்கும் நமக்குச் சம்பூர் தூரத்து ஊர் அல்ல. ஒரு தாளில் உள்ள ஒரு சொல் ஒரு ஊரையே வெளியே நிறுத்தியது. இன்னொரு சொல் உள்ளே விட்டது.

அகராதியின் முதல் அர்த்தத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதையும் இங்கே கவனியுங்கள். பாடப் புத்தகத்தில் அக்வயர் என்றால் அறிவைப் பெறுவது. காணிச் செய்தியில் அரசாங்கம் நிலத்தை எடுப்பது. செட்டில் என்பதை நாம் கணக்குத் தீர்க்கச் சொல்கிறோம். செய்தியில் அது குடியேறுவது. அதிலிருந்தே செட்டில்மென்ட், ரீசெட்டில், ரீசெட்டில்மென்ட் என மூன்று சொல் கிடைக்கிறது. ஒரு வேரைப் பிடித்தால் கொத்தோடு வரும்.

இந்தியக் கைட் புத்தகம் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சுப்ரீம் கோர்ட் நம் நாட்டில் உயர் நீதிமன்றம். ஹை கோர்ட் மேல் நீதிமன்றம். தமிழ்நாட்டிலோ ஹை கோர்ட்டைத்தான் உயர் நீதிமன்றம் என்பார்கள். 2024 இல் 1,700 ரூபாய் சம்பள வர்த்தமானியை நிறுத்தி வைத்தது நமது உயர் நீதிமன்றம். அன்று பத்திரிகையில் வந்த சொல் இன்டரிம் ஓர்டர், அதாவது இடைக்காலக் கட்டளை. இன்டரிம் தெரியாதவர் வழக்கே முடிந்தது என்று நினைத்திருப்பார். அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்ற வர்த்தமானி அதன்பின் செப்டெம்பரில்தான் வந்தது.

முறை எளிது. முதலில் தமிழ்ப் பத்திரிகையில் செய்தியைப் படியுங்கள். அதே செய்தியை ஆங்கிலப் பத்திரிகையில் தேடுங்கள். விஷயம் தெரிந்திருப்பதால் பாதிச் சொல் தானே விளங்கும். மீதியில் ஐந்தை மட்டும் கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உங்கள் தோட்டத்தைப் பற்றி ஒரு வசனம் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பியையோ தங்கையையோ கேள்வி கேட்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் முப்பது சொல். ஐம்பது வாரத்தில் ஆயிரத்து ஐந்நூறு. பாதி மறந்தாலும் எழுநூற்றைம்பது கையில் நிற்கும்.

நம் இயக்கத்துக்கு இது புதிதல்ல. 1920களில் கோ. நடேசய்யர் தமிழில் 'தேசநேசன்' நடத்தினார். ஆங்கிலத்தில் 'சிட்டிசன்' நடத்தினார். தொழிலாளி படிக்க ஒன்று வேண்டும், துரைமாரும் அரசாங்கமும் படிக்க ஒன்று வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே ஒவ்வொரு தோட்டத் தலைவரிடமும் மாதர் சங்கத் தலைவியிடமும் ஒன்றைக் கேட்கிறோம். வாரத்துக்கு ஒரு ஆங்கிலப் பத்திரிகையாவது கமிட்டிச் செலவில் வாங்கி, வாசிகசாலையிலோ பிள்ளை மடுவத்துத் திண்ணையிலோ வையுங்கள். உயர்தரம் படித்த ஒரு பிள்ளை ஒரு மணி நேரம் மற்றவர்களோடு உட்காரட்டும். பேப்பரைக் கடைக்கு எடைக்குப் போடுமுன் அது பத்துக் கைகளாவது மாறட்டும்.

பெற்றோரே, பிள்ளை பேப்பரை விரித்து உட்கார்ந்தால் "படிக்காமல் என்ன பேப்பர்?" என்று கேட்காதீர்கள். அதுவும் படிப்புத்தான். நாளைக்கு நம் காணியைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் ஒரு ஆங்கிலத் தாள் வரும்போது, அதை வாசித்துச் சொல்ல வெளியாரைத் தேடாமல் நம் லயத்திலேயே ஒரு பிள்ளை இருக்க வேண்டும்.