மருத்துவ மாணவர் விரும்புவதும் வெறுப்பதும்

ஊரில் ஒரு பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால், அது அக்குடும்பத்தின் மகிழ்ச்சியாக மட்டும் நின்றுவிடுவதில்லை, தெருவே கொண்டாடுகிறது. பெரியோர் பொன்னாடை போர்த்துகின்றனர். பயின்ற பள்ளியின் வாயிலில் படத்துடன் பெயர் எழுதப்படுகிறது. ஆனால் ஓராண்டு கழித்து விடுமுறையில் வரும் அப்பிள்ளையிடம், "உன் கல்லூரியில் உனக்குப் பிடித்தது எது? பிடிக்காதது எது?" என்று கேட்பார் இல்லை. "எப்போது டாக்டர் ஆவாய்?" என்பதோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது. கேட்கப்படாத அக்கேள்வியையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

திருத்தணி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்வி நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது. சென்னை, செங்கல்பட்டு, வேலூர் என்று வெளியூர்களையே நோக்க வேண்டியிருந்தது. 2022 ஜனவரி 12ஆம் நாள் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திருவள்ளூரும் ஒன்றாக அமைந்தபின், மின்சார ரயிலில் சென்று சேரும் தொலைவுக்கு அக்கல்வி வந்துவிட்டது. அதற்கு முன்பே, அரசுப் பள்ளிகளில் பயின்றோருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் 2020இல் நிறைவேறியிருந்தது. நெசவாளர் வீட்டுப் பிள்ளையும் உழவர் வீட்டுப் பிள்ளையும் வெள்ளை அங்கி அணியும் காலம் இது. அவர்களுள் தமிழ்வழியில் பயின்றோர் பலர்.

இவர்கள் எதனை விரும்புகின்றனர்? உடற்கூறியல் கூடத்தைக் கண்டு அஞ்சுவர் என நாம் நினைக்கிறோம். அந்த அச்சம் சில நாட்களே. யாரோ ஒருவர் தம் உடலையே கல்விக்கென ஈந்திருக்கிறார் என்பதை உணர்ந்த மாணவர், அவ்வுடலைத் தம் முதல் ஆசிரியராகவே போற்றுகின்றனர். அதனினும் அவர்கள் விரும்புவது நோயாளியின் படுக்கை அருகே நிற்கும் நேரத்தை. 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம் முதலாண்டிலேயே நோயாளிகளைக் காணும் வாய்ப்பைத் தந்தது நல்ல மாற்றம்.

வெறுப்பன யாவை? விடுதிச் சாம்பாரைப் பற்றிய குறை எல்லாக் கல்லூரிக்கும் பொது, அதை விட்டுவிடலாம். மூத்த மாணவரின் கொடுமையை அவ்வாறு விட்டுவிட இயலாது. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொலையுண்டதைத் தமிழகம் மறந்திருக்காது. அதன் விளைவாகவே 1997இல் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் மனச்சுமை நீங்கவில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2024இல் அளித்த அறிக்கையில், கருத்துரைத்த 25,590 இளநிலை மாணவருள் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலக் குறை உண்டு எனத் தெரிவித்திருந்தனர். நான்கில் ஒருவருக்கும் மேல்!

இச்சுமைக்குக் காரணங்கள் பல. ஆயினும் தமிழ்த்துறையைச் சார்ந்த நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அது மொழி. பன்னிரண்டாம் வகுப்பு வரை கணையம், நாளமில்லாச் சுரப்பி, வெண்குருதியணு என்று பயின்று, அவற்றின் தொழிலையும் தெளிவுறக் கற்ற மாணவன், ஒரே கோடை விடுமுறைக்குப் பின் ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் மூழ்க நேர்கிறது. ஆங்கிலவழி மாணவனுக்கும் இலத்தீன் புதிதே. ஆனால் அவனுக்குப் பெயர்கள் மட்டுமே புதியன. இவனுக்கு வாக்கியமே புதிது. வாய்மொழித் தேர்வில் விடை நெஞ்சில் இருக்க, நாவில் வராமல் நிற்கிறான். எதிரில் இருப்பவர் அதனை அறியாமை என்று எழுதிக்கொள்கிறார். இதுவே அவன் வெறுக்கும் இடம்.

அதே மாணவன் நோயாளியிடம் செல்லட்டும். "நெஞ்சு கரிக்குது", "கால் மதமதன்னு இருக்கு", "தலை கிறுகிறுன்னு வருது" என்று மூதாட்டி சொல்லும்போது, கரிப்புக்கும் வலிக்கும், மதமதப்புக்கும் குடைச்சலுக்கும் உள்ள வேறுபாட்டை அவன் நொடியில் உணர்கிறான். வகுப்பில் கடையனாக இருந்தவன் இங்கே முதல்வனாகிறான். இந்த அறிவுக்கு மதிப்பெண் இல்லை என்பதுதான் வியப்பு.

மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தல் இயலுமா என வினவுவோர் யாழ்ப்பாணத்து வரலாற்றை அறிதல் வேண்டும். 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தவர், ஆங்கிலம் கற்றோர் ஊரை விட்டு அரசுப் பணிக்குச் சென்றுவிடுவதைக் கண்டு, 1864 முதல் தமிழுக்கு மாறினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய பெருநூல்கள் அம்முயற்சியில் பிறந்தன. அவர் உருவாக்கிய மருத்துவர் 60 பேருக்கு மேல். மேல்நாட்டார் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்ததை, இயலாது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

திருத்தணி மண்ணில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையேற்ற பல்கலைக்கழகக் கல்விக் குழு, 1949இலேயே உயர்கல்வியில் ஆங்கிலத்தின் இடத்தை இயன்ற விரைவில் இந்திய மொழிகள் பெற வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஆண்டுதோறும் அவர் பிறந்த நாளில் ஆசிரியர்க்கு மாலையிடும் நாம் அப்பரிந்துரையை நினைப்பதில்லை.

ஆங்கிலமே வேண்டா என்பது என் கருத்தன்று. உலகின் மருத்துவ ஆய்வுகள் அம்மொழியில் வருகின்றன. அதனை விட்டவர் பின்தங்குவர். 2022இல் மத்தியப் பிரதேசம் இந்தியில் மருத்துவப் பாடநூல்களை வெளியிட்டபோது எழுந்த ஐயங்களில் நியாயம் இருந்தது. தமிழ்நாடு பாடநூல் கழகமும் மருத்துவ நூல்கள் சிலவற்றைத் தமிழில் தந்துள்ளது. அவற்றைத் தேர்வுக்குரிய ஒரே நூலாக்க வேண்டியதில்லை. ஆங்கில நூலின் அருகே விரித்து வைத்துக்கொள்ளும் துணையாக்கினால் போதும். வாய்மொழித் தேர்வில், கலைச்சொல்லை ஆங்கிலத்தில் கூறி விளக்கத்தைத் தமிழில் தர முதலாண்டு மாணவர்க்கு இசைவளிக்கலாம். இதனால் எவர் தரமும் தாழ்ந்துவிடாது.

எஞ்சிய பணி தமிழ்த்துறைகளுடையது. 2017இல் மறைந்த மணவை முஸ்தபா, மருத்துவக் கலைச்சொற்களுக்கெனத் தனி அகராதியே தொகுத்தவர். அவர் தொகுத்தது நூலோரின் சொற்களை. நோயாளியின் சொற்கள் இன்னும் தொகுக்கப்பட வேண்டியுள்ளன. 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே வழங்குகின்றன. தமிழர் 'கடுப்பு' என்றால் அது வலி; தெலுங்கர் ஏறத்தாழ அதே ஒலியில் 'கடுபு' என்றால் அது வயிறு. இதை அறியாத இளம் மருத்துவர் நோயாளியின் முதல் வாக்கியத்திலேயே வழி தவறுவார். நம் முதுகலை மாணவர் பத்துப் பேர், மருத்துவமனைப் புறநோயாளர் பிரிவில் உரிய இசைவு பெற்று ஒரு பருவம் அமர்ந்து, இத்தகைய சொற்களைப் பொருளோடு குறித்துத் தந்தால் அது சிறு கையேடாகும். வரும் கல்வியாண்டிலேயே, திட்டக் கட்டுரைக்குரிய பொருளாக இதனை எடுத்துக்கொள்ளலாம்.